கருவேப்பிலைக்கு வரம்பு போட்டது யார்?

(கருவேப்பிலை விவசாயிகள் கூட்டத்தில் நமது சங்கத்தின் வட்டாரச் செயலாளர் பேசியது. வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் அச்சிட்டுத் தருகிறோம்.)

 

போன வாரம் இதே காரமடைப் பக்கம் ஒரு தோழர் என்னிடம் கேட்டார். "ஏனுங்க செயலாளரே, நம்ம இலையில விஷம் இருக்குதுன்னு திருப்பி அனுப்பறாங்களே, எவ்வளவு இருந்தா விஷம், எவ்வளவு இருந்தா விஷம் இல்லைன்னு எவன் முடிவு பண்ணினான்?" என்றார். நல்ல கேள்வி. இந்தக் கேள்வியை நாம் இருபது வருஷத்துக்கு முன்னாலேயே கேட்டிருக்க வேண்டும். இன்றைக்கு நான் பேசப்போவது இதற்கான பதில்தான். கொஞ்சம் கணக்கு வரும். பொறுமையாகக் கேளுங்கள்.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். 2019-ஆம் வருஷம். ஒன்றரை ஏக்கர் செங்காம்பு. மூன்றாவது அறுப்பு. வியாபாரி வந்து வெட்டிக்கொண்டு போனார். அஞ்சாம் நாள் போன் வந்தது. "அண்ணா, லோடு நின்னுபோச்சு. லேப்ல அடிபட்டுருச்சு. பணம் இல்லைங்க." அவ்வளவுதான் பேச்சு. நான் விடவில்லை. அந்த லேப் காகிதத்தைக் காட்டினால்தான் ஆச்சு என்று நின்றேன். காட்டினார். எல்லாம் இங்கிலீஷ். என் அக்கா மகன் வேளாண்மை படித்தவன், அவன்தான் உட்கார்ந்து வாசித்துச் சொன்னான். மூன்று மருந்துப் பெயர் இருந்தது. புரொபெனோபாஸ், கிலோவுக்கு 0.4 மில்லிகிராம். பக்கத்துக் கட்டத்தில் வரம்பு: 0.01. அதாவது வரம்பைப் போல நாற்பது மடங்கு! எனக்கு நெஞ்சே அடைத்துவிட்டது. நாற்பது மடங்கு விஷத்தையா ஊருக்குக் கொடுத்தேன்?

இரண்டாவது டைமெத்தோயேட். அதுவும் நான் அடித்ததுதான். மூன்றாவது மருந்தை நான் தொட்டதே இல்லை. பக்கத்துக் காட்டிலிருந்து காற்றில் வந்ததா, "மூலிகை ஊக்கி" என்று ஒரு டப்பா வாங்கி அடித்தேனே அதற்குள் இருந்ததா, கடைசிவரை தெரியவில்லை.

அன்றைக்கு ராத்திரி அக்கா மகன் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினான். அந்தக் கணக்கை அப்படியே உங்களுக்குச் சொல்கிறேன்.

ஒரு மருந்து எவ்வளவு வயிற்றுக்குள் போனால் ஒன்றும் ஆகாது என்று பார்க்க எலிக்கும் நாய்க்கும் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் தீனியில் கலந்து கொடுக்கிறார்கள். எந்த அளவில் ஒரு கெடுதலும் தென்படவில்லையோ அந்த அளவைக் குறித்துக்கொள்கிறார்கள். எலி வேறு, மனுஷன் வேறு, அதற்காகப் பத்தால் வகுக்கிறார்கள். மனுஷரிலும் குழந்தை இருக்கிறது, கர்ப்பிணி இருக்கிறாள், நோயாளி இருக்கிறார், அதற்காக இன்னொரு பத்து. ஆக நூறில் ஒரு பங்கு. ஒரு மனுஷன் ஆயுசு பூராவும் தினம் இவ்வளவு சாப்பிட்டாலும் பாதகம் இல்லை என்பதுதான் அந்த அளவு. புரொபெனோபாசுக்கு உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பும் கூட்டாக வைத்திருக்கிற நிபுணர் குழு, உடம்பு எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 0.03 மில்லிகிராம் என்று 2007-ல் சொன்னது. அறுபது கிலோ ஆளுக்கு 1.8 மில்லிகிராம்.

இப்ப என் கருவேப்பிலைக்கு வாங்க. ஒருத்தர் ஒரு நாளைக்கு எவ்வளவு கருவேப்பிலை சாப்பிடுவார்? ரசத்தில் போட்டதைப் பாதிப்பேர் எடுத்து ஓரமாக வைத்துவிடுகிறார்கள். சரி, துவையலே அரைத்துச் சாப்பிட்டார், பத்து கிராம் என்று வையுங்கள். 0.4 கணக்கில் பத்து கிராம் இலையில் இருப்பது 0.004 மில்லிகிராம். அந்த 1.8-இல் இது 450-இல் ஒரு பங்கு!

வரம்பைப் போல நாற்பது மடங்கு என்பதும் நிஜம். உடம்புக் கணக்கில் 450-இல் ஒரு பங்கு என்பதும் நிஜம். அப்படியானால் அந்த 0.01 எங்கிருந்து வந்தது?

இங்கேதான் நம்மில் யாருக்கும் சொல்லித்தராத விஷயம் இருக்கிறது. வரம்பு என்பது "இதற்கு மேல் போனால் விஷம்" என்று கிழித்த கோடு இல்லை. ஒரு மருந்தை லேபிளில் போட்டபடி, சொன்ன அளவில், சொன்ன தடவை அடித்து, சொன்ன நாள் காத்திருந்து அறுத்தால் பயிரில் எவ்வளவு மிஞ்சும் என்று காட்டில் பார்த்து எழுதுகிற எண் அது. அதைப் பார்ப்பதற்குப் பரிசோதனை வயல் போடுகிறார்கள். ஒரே இடத்தில் இல்லை, பல ஊரில், வேறு வேறு மண், வேறு வேறு சீதோஷ்ணத்தில். லேபிள் அனுமதிக்கிற அதிகபட்ச அளவை அடிக்கிறார்கள். அடித்த அன்றைக்கு ஒரு மாதிரி, மறுநாள் ஒன்று, மூன்றாம் நாள், அஞ்சாம் நாள், ஏழாம் நாள், பத்தாம் நாள் என்று பறித்து, ஐஸில் வைத்து, ஆய்வகத்துக்கு அனுப்பி, மருந்து எப்படிக் கரைந்து குறைகிறது என்று கோடு போடுகிறார்கள். காத்திருப்பு நாளில் கிடைத்த எண்களில் உயர்ந்ததைப் பார்த்து, கொஞ்சம் இடம் விட்டு, வரம்பு எழுதுகிறார்கள். அதற்குப் பிறகுதான் உடம்புக் கணக்கு வருகிறது. ஜனங்கள் இந்தப் பயிரை, இந்த மருந்து அடிக்கிற மற்றப் பயிர்களை எல்லாம் எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்று கூட்டிப் பார்த்து, அந்த அறுபது கிலோ ஆளின் அளவைத் தாண்டினால் அந்தப் பயிருக்கு அந்த மருந்து கிடையாது. தாண்டவில்லை என்றால் வரம்பு நிற்கும்.

சட்டப்படி இதில் இரண்டு வாசல். 1968-ஆம் வருஷத்துப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்படி மருந்தைப் பதிவு செய்வது வேளாண்மை அமைச்சகத்தின் கீழ் இருக்கிற மத்தியப் பதிவுக் குழு. 2006-ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வரம்பை அறிவிப்பது சுகாதார அமைச்சகத்தின் கீழ் இருக்கிற உணவுப் பாதுகாப்பு ஆணையம். ரொம்ப காலம் இந்த வாசலுக்கும் அந்த வாசலுக்கும் பேச்சுவார்த்தையே இல்லாமல் இருந்தது. குளிர்பானத்தில் பூச்சிமருந்து என்று 2003-ல் பெரிய ரகளை நடந்து, பாராளுமன்றக் கூட்டுக் குழு போட்டு, 2004-ல் அறிக்கை வந்தபோதுதான், பதிவாகி விற்பனையில் இருக்கிற ஏகப்பட்ட மருந்துக்கு உணவில் வரம்பே போடவில்லை என்பது ஊருக்குத் தெரிந்தது.

சரி. பரிசோதனை வயலுக்கு யார் செலவு செய்வது? மருந்தைப் பதிவு செய்யக் கேட்கிற கம்பெனி. பல ஊர், பல அடிப்பு, பல நாள் மாதிரி, ஒவ்வொரு மாதிரிக்கும் ஆய்வகக் கட்டணம் என்று பெரிய செலவு. கம்பெனிக்காரன் யோசிப்பான் இல்லைங்களா? நெல்லுக்குப் போடுவான், பருத்திக்குப் போடுவான், மிளகாய், தக்காளி, கத்தரிக்குப் போடுவான். கருவேப்பிலைக்கு எதற்குப் போடுவான்? எத்தனை டப்பா விற்கும்? லாபம் இல்லாத பயிருக்குப் பரிசோதனை இல்லை. பரிசோதனை இல்லாத பயிர் லேபிளில் இல்லை. புரொபெனோபாஸ் லேபிளை எடுத்துப் பாருங்கள், பருத்தி இருக்கும், சோயா இருக்கும். நான் இத்தனை வருஷத்தில் கையில் எடுத்துப் பார்த்த ஒரு டப்பாவிலும் கருவேப்பிலை என்ற வார்த்தையைப் பார்த்ததில்லை. பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள், மேடையிலேயே திருத்திக்கொள்கிறேன்.

பரிசோதனையும் இல்லை, தனி வரம்பும் இல்லை என்றால் சட்டம் என்ன செய்கிறது? வரம்பு குறிப்பிடாத மருந்துக்கெல்லாம் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்று பொதுவாக ஒரு எண்ணைப் போட்டுவிடுகிறது. ஐரோப்பாக்காரர்களும் இதே எண்ணைத்தான் வைத்திருக்கிறார்கள். இது உடம்புக் கணக்கிலிருந்து வந்த எண் இல்லை. ஆய்வக மெஷின் சந்தேகம் இல்லாமல் அளந்து சொல்லக்கூடிய அடிமட்ட அளவை ஒட்டிய எண். பத்து டன் லாரி லோடு இலையில் மொத்தமாகச் சேர்த்தால் 0.1 கிராம். ஒரு சிட்டிகை உப்பைவிடக் குறைவு. "இந்தப் பயிரில் இந்த மருந்தைத் தொடவே கூடாது" என்பதைத்தான் எண்ணாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

தொடாதே என்று சொல்வது தப்பு என்று நான் சொல்லவில்லை. சாறு உறிஞ்சிப் பூச்சி வந்து கொழுந்தெல்லாம் சுருண்டு போகிறது, சிலந்திப்பேன் வந்து இலை வெளுக்கிறது, அப்போது எதைத் தொடலாம் என்று யாராவது சொல்ல வேண்டாமா? பல்கலைக்கழகப் பயிர்க் கையேட்டில் கருவேப்பிலைப் பூச்சிக்கு டைமெத்தோயேட் லிட்டருக்கு ஒரு மில்லி என்று அச்சடித்திருந்தார்கள். அதைப் படித்துத்தான் நானும் அடித்தேன். ஒரு அரசாங்கப் புத்தகம் அடி என்கிறது. இன்னொரு அரசாங்கக் காகிதம் அதையே குற்றம் என்கிறது. நடுவில் நாம்.

இன்னொரு வேடிக்கையையும் கேளுங்கள். இந்த உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் விவசாயி மேல் வழக்கே போட முடியாது! 18-ஆம் பிரிவின் 3-ஆம் உட்பிரிவு, இந்தச் சட்டம் விவசாயிக்கோ, விவசாய வேலைக்கோ, அவர் காட்டில் விளைந்த விளைச்சலுக்கோ பொருந்தாது என்கிறது. நம் கையில் இருக்கிறவரை கருவேப்பிலை அந்தச் சட்டத்தின் கணக்கில் உணவே இல்லை. வியாபாரி கைக்கு மாறினால்தான் உணவு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நடப்பது என்ன? சட்டம் வியாபாரியைப் பிடிக்கிறது, வியாபாரி நம்மைப் பிடிக்கிறார். கோர்ட்டு இல்லை, நோட்டீஸ் இல்லை, மறு சோதனை கேட்க வழி இல்லை. ஒரே ஒரு போன். "பணம் இல்லைங்க." வழக்குப் போட்டிருந்தாலாவது வக்கீல் வைத்து, மாதிரி எடுத்தது எப்படி என்று கேட்டிருப்பேன். அஞ்சு பேர் காட்டு இலையை ஒரே லாரியில் ஏற்றி, ஒரு கைப்பிடி எடுத்துச் சோதித்து, அஞ்சு பேருக்கும் பணம் இல்லை என்றால் அது என்ன நியாயம்? அந்தக் காகிதத்தில் என் பெயரே கிடையாது. ஆனால் நஷ்டம் மட்டும் என் பெயரில்!

2015-ல் நடந்தது ஞாபகம் இருக்கும். தமிழ்நாட்டுக் காய்கறியில் விஷம் என்று கேரளத்தில் பெரிய சத்தம். வெள்ளாயணி வேளாண் கல்லூரி ஆய்வகத்தில் சோதித்து வெளியிட்ட பட்டியல்களில் கருவேப்பிலை, புதினா, கொத்தமல்லி என்று அடிக்கடி வந்தது. நம் பக்கத்து அதிகாரிகள் அதெல்லாம் இல்லை என்று மறுத்தார்கள். அவர்கள் விஷம் என்றார்கள், இவர்கள் இல்லை என்றார்கள். இந்த இலைக்கு முறையாகப் பரிசோதனை வயல் போட்டு, எந்த மருந்து எத்தனை நாளில் கரைகிறது என்று பார்ப்போம் என்று மட்டும் இரண்டு பக்கத்திலும் பெரிதாக யாரும் பேசி நான் கேட்கவில்லை. ஐரோப்பாவும் இந்தியாவிலிருந்து வருகிற கருவேப்பிலையையும் வெண்டையையும் கூடுதல் சோதனைப் பட்டியலில் வைத்தது. முருங்கைக்காயும் பின்னால் அதில் சேர்ந்தது.

பாசுமதியைப் பாருங்கள். நெல் குலைநோய்க்கு அடிக்கிற டிரைசைக்ளசோலுக்கு ஐரோப்பா 1 மில்லிகிராம் என்று வைத்திருந்ததை 2017 கடைசியோடு 0.01 ஆக்கிவிட்டது. நூறில் ஒரு பங்கு. உடனே ஏற்றுமதியாளர்கள் டெல்லிக்கு ஓடினார்கள், டெல்லி ஐரோப்பாவோடு பேசியது, பஞ்சாப் அரசு 2022-ல் பத்து மருந்துகளைப் பாசுமதிப் பருவத்தில் 60 நாளைக்கு விற்கக்கூடாது என்று தடை போட்டது. சரியோ தப்போ, ஏதோ அசைந்தது. மசாலாவையும் பாருங்கள். 2024 ஏப்ரலில் உணவுப் பாதுகாப்பு ஆணையம், இங்கே பதிவாகாத மருந்துகளுக்கு மசாலாப் பொருள்களில் மட்டும் 0.01 என்பதை 0.1 ஆக்கி உத்தரவு போட்டது. ஒரே காகிதத்தில் பத்து மடங்கு! பெரிய வியாபாரம் இருக்கிற இடத்தில் எண் அசைகிறது. நம் கடையில் விற்கிற மருந்தெல்லாம் இங்கே பதிவானது, அதனால் அந்தத் தளர்வும் நமக்கு இல்லை.

அந்த மாதிரித் தளர்வு நமக்கு வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். சில தோழர்கள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். சங்கத்துக்குள்ளேயே சண்டை நடந்தது. "வரம்பை ஏத்துன்னு போராடலாம்" என்றார்கள். ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், அந்த உடம்புக் கணக்கும் கல்லில் வெட்டினது இல்லை. குளோர்பைரிபாஸ் எத்தனை வருஷம் அடித்தோம்? அதற்கும் ஒரு நாளைக்கு இவ்வளவு பாதகம் இல்லை என்று நிபுணர் குழு அளவு சொல்லித்தான் இருந்தது. பிறகு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பற்றிச் சந்தேகம் எழுந்து, பாதுகாப்பான அளவு என்று ஒன்றைச் சொல்ல முடியாது என்று ஐரோப்பிய நிபுணர்கள் 2019-ல் சொல்லிவிட்டார்கள். 2020-ல் அங்கே அனுமதி போனது. 2025-ல் ஸ்டாக்ஹோம் ஒப்பந்த நாடுகள் அதை ஒழிக்க வேண்டிய பட்டியலில், சில விலக்குகளோடு, சேர்த்துவிட்டன. நேற்றுச் சரி என்ற கணக்கு இன்றைக்குத் தப்பாகிறது. அதோடு, அந்த இலையை நம் பேரன் பேத்தியும் சாப்பிடுகிறது. கைத்தெளிப்பானைத் தோளில் மாட்டி அடிக்கிறவனும் நம் வீட்டு ஆள்தான். அவன் மூச்சில் போவது இந்த உணவு வரம்புக் கணக்கில் வருவதில்லை.

நம் தப்பையும் ஒத்துக்கொள்ள வேண்டும். கடைக்காரர் மூன்று டப்பா கொடுத்தால் மூன்றையும் ஒரே டேங்கில் கலக்கிறோம். திங்கட்கிழமை அடித்து, விலை ஏறுகிறது என்று வியாழக்கிழமை வெட்டிக் கொடுக்கிறோம். நானும் கொடுத்திருக்கிறேன். அந்த 2019 லோடில்கூட எத்தனை நாள் விட்டு வெட்டினேன் என்று கேட்டால் நெஞ்சில் கை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் எத்தனை நாள் விட வேண்டும் என்று அந்த டப்பாவில் கருவேப்பிலைக்கு ஒரு எண் இருந்ததா? இல்லை.

அமெரிக்காவிலும் இதே பிரச்சினை இருந்தது. சின்னப் பயிர்களுக்குக் கம்பெனிகள் பரிசோதனை போடவில்லை. 1963-லேயே அரசாங்கப் பணத்தில், பல்கலைக்கழகங்கள் மூலம், சின்னப் பயிர்களுக்கென்று பரிசோதனை வயல் போடுகிற ஒரு திட்டத்தை ஆரம்பித்தார்கள். ஐ.ஆர்.4 என்று பெயர். விவசாயி எந்தப் பயிருக்கு என்ன பூச்சி என்று எழுதிக் கேட்கலாம். முதலாளித்துவ நாட்டில் நடக்கிற காரியம் இங்கே நடக்கக் கூடாதா? கோயம்புத்தூரில் பல்கலைக்கழகம் இருக்கிறது. மருந்து எச்சத்தைச் சோதிக்கிற ஆய்வகம் அங்கேயே இருக்கிறது. காரமடையிலிருந்து பஸ்ஸில் போனால் ஒன்றரை மணி நேரம்.

அதனால் நாம் கேட்பது இது. கருவேப்பிலை, முருங்கை, அவரை, புடலை, பீர்க்கை, கீரை போன்ற பயிர்களுக்கு அரசு செலவில் எச்சப் பரிசோதனை வயல் போட வேண்டும். அதில் நம் காடுகளைத் தருகிறோம், வாடகை வேண்டாம். வேப்பம் பொருள்கள், பூஞ்சாண மருந்துகள், எச்சம் சீக்கிரம் கரைகிற மருந்துகள், இவற்றை முதலில் சோதிக்கட்டும். பயிர்க் கையேட்டில் பரிந்துரைக்கிற மருந்தும் பதிவுக் குழு அனுமதித்த மருந்தும் ஒன்றாக இருக்க வேண்டும். கடைக்காரர் பில்லில் எந்தப் பயிருக்குக் கொடுத்தேன் என்று எழுதட்டும், அப்போதுதான் யார் சொல்லி அடித்தோம் என்பது தெரியும். காத்திருப்பு நாளைத் தமிழில், கண்ணாடி போடாமல் படிக்கிற அளவு எழுத்தில் அச்சடிக்கட்டும். லோடு அடிபட்டால் ஆய்வக அறிக்கையின் நகல் விவசாயிக்கு வர வேண்டும், மறு சோதனைக்கு வழி வேண்டும். "மூலிகை ஊக்கி" என்ற பெயரில் விற்கிற டப்பாக்களை எடுத்துச் சோதிக்க வேண்டும், கலப்படம் இருந்தால் கடையோடு நிறுத்தாமல் தயாரித்தவனைப் பிடிக்க வேண்டும்.

வருகிற விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் ஆட்சியரிடம் இந்த மனுவைக் கொடுக்கிறோம். கொடுத்துவிட்டு வாசலிலேயே உட்காருகிறோம். வருகிறவர்கள் போன ஒரு வருஷத்து மருந்துக்கடை பில், டப்பாவோடு வந்த துண்டுக் காகிதம், லோடு அடிபட்டதற்கு வியாபாரி கொடுத்த சீட்டு, போனில் வந்த செய்தி, எது இருந்தாலும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வாருங்கள். பில்லே கொடுக்காத கடையாக இருந்தால் என்ன மருந்து, என்ன தேதி, எந்தப் பயிருக்கு என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு எடுத்து வாருங்கள். காலி டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு வர வேண்டாம், பஸ்ஸில் குழந்தைகள் இருக்கும். மேட்டுப்பாளையம் பக்கம் இருந்து வருகிறவர்கள் காலை எட்டு மணிக்குக் காரமடை தேர்முட்டியில் நிற்கவும், வேன் ஏற்பாடு செய்திருக்கிறோம்.